குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? கணக்கு ஏன் உதைக்கிறது?

முதலாண்டு உயிரியலில் பரிணாமம், சூழலியல், பல்லுயிர்மை மூன்றையும் ஒரே தாளில் கட்டிவிடுகிறார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘புரிகிறது, ஆனால் மதிப்பெண் வரவில்லை’ என்ற ரகம். அவற்றில் ஏழு இங்கே.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது? வகுப்பில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் ‘இலிருந்து’தான் வில்லன். இன்றைய சிம்பன்சியிலிருந்து மனிதன் வரவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. அது சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. நீங்களும் உங்கள் பெரியப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரர்கள்; அதற்காகப் பெரியப்பா மகனுக்கு நீங்கள் பிறந்ததாக யாரும் சொல்வதில்லையே. தாத்தாவுக்குப் பிறகு இரண்டு குடும்பங்களும்தான் மாறின. சிம்பன்சியின் கிளையும் நம் கிளை மாறிய அதே காலம் முழுக்க மாறிக்கொண்டுதான் வந்தது.

இதே குழப்பம் பரிணாம மரம் படிக்கும் கேள்வியில் வேறு வேடத்தில் வரும். மீன், தவளை, மனிதன் மூன்றையும் கொடுத்து, ‘தவளை யாருக்கு நெருக்கம்?’ என்பார்கள். தண்ணீரைப் பார்த்து மீன் என்று எழுதினால் தவறு. தவளையின் நுனியில் ஒரு விரல், மனிதனின் நுனியில் இன்னொரு விரல் வைத்து, இரண்டும் சந்திக்கும் கணு வரை கோட்டின் வழியே பின்னோக்கி வாருங்கள். பிறகு தவளைக்கும் மீனுக்கும் அதையே செய்யுங்கள். எந்தக் கணு காலத்தால் பிந்தியதோ அந்த ஜோடிதான் நெருக்கம். இங்கே அது தவளையும் மனிதனும். இதே முறையில் பார்த்தால் முதலைக்குப் பல்லியைவிடப் பறவைதான் நெருங்கிய சொந்தம்.

நுனிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எந்தக் கணுவிலும் கிளைகளை இடம் வலமாகத் திருப்பிப் போடலாம், மரம் மாறாது. வழியில் எத்தனை கணுக்கள் என்று எண்ணுவதும் வீண் வேலை. வரைந்தவர் இன்னும் நான்கு இனங்களைச் சேர்த்திருந்தால் அந்த எண்ணிக்கை கூடியிருக்கும், உறவு அப்படியேதான் இருந்திருக்கும்.

கேள்வி: ‘வறட்சியைச் சமாளிக்கப் பறவைகளின் அலகு பெருத்தது’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண் போய்விட்டது. என்ன தவறு?

எந்தப் பறவையின் அலகும் பெருக்கவில்லை. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகளுக்கு வளையமிட்டு, ஒவ்வொன்றின் அலகையும் அளந்து வைத்திருந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி இனத்தின் கடினமான முள்காய். அதை உடைக்க ஆழமான அலகு வேண்டும். சிறிய அலகுள்ளவை பெருமளவில் செத்தன. உயிர் பிழைத்தவற்றின் சராசரி அலகு ஆழம் தானாகவே கூடியது. ஒரு வகுப்பில் குட்டையானவர்கள் வெளியேறினால் சராசரி உயரம் கூடும், உள்ளே யாரும் வளர்ந்திருக்க வேண்டியதில்லை.

விடை இங்கேயே நின்றால் அதுவும் அரை விடைதான். இதுவரை சொன்னது தேர்வு மட்டும், பரிணாமம் இன்னும் வரவில்லை. அலகின் ஆழம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போகும் பண்பு. அதனால் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் சராசரியும் முந்தைய தலைமுறையைவிடக் கூடியிருந்தது. இந்த வாக்கியத்துக்குத்தான் மீதி மதிப்பெண். ஆகவே விடையில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: இனக்கூட்டத்தில் ஏற்கெனவே வேறுபாடு இருந்தது, அது மரபுவழி வருவது, அதனால் பிழைப்பதிலோ குஞ்சு பொரிப்பதிலோ வித்தியாசம் உண்டானது, அடுத்த தலைமுறையின் விகிதம் மாறியது. ‘முன்னேறின’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். 1982-83 எல் நினோ பெருமழைக்குப் பிறகு சிறு விதைகள் மலிந்தன. தேர்வு சிறிய அலகின் பக்கம் திரும்பியது.

பாக்டீரியாவுக்கும் இதே கதைதான். அறிவியலாளர்கள் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் இருவரும் 1952-இல் வெல்வெட் துணியால் ஒரு தட்டின் பாக்டீரியாக் குழுக்களை அச்செடுத்து மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினார்கள். மருந்தை ஒருபோதும் சந்திக்காத மூலத் தட்டிலேயே எதிர்ப்புத் திறன் கொண்டவை இருந்தது தெரிந்தது. மருந்து அவற்றை உருவாக்கவில்லை, மற்றவற்றை அகற்றியது.

கேள்வி: ஹார்டி-வெயின்பெர்க் கணக்கில் எனக்கும் நண்பருக்கும் வெவ்வேறு விடை. தரவு: 200 செடிகள், 90 சிவப்பு, 60 இளஞ்சிவப்பு, 50 வெள்ளை. இளஞ்சிவப்பு கலப்பு வகை. நான் வெள்ளைக்கு வர்க்கமூலம் எடுத்தேன். இனக்கூட்டம் சமநிலையில் இருக்கிறதா?

நண்பர் அல்லீல்களை, அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை, எண்ணியிருப்பார், அவர் பக்கம்தான் நியாயம். இந்தக் கணக்கில் ஆண்டுதோறும் கவிழும் இடம் இது.

200 செடி என்றால் 400 அல்லீல். ஒவ்வொரு சிவப்புச் செடியிலும் சிவப்பு அல்லீல் இரண்டு, இளஞ்சிவப்பில் ஒன்று: 180 + 60 = 240. 240-ஐ 400-ஆல் வகுத்தால் 0.6. வெள்ளை அல்லீலுக்கு மீதி 0.4. எதிர்பார்ப்பு (செடிகள் சமவாய்ப்பாகக் கலந்தால் வர வேண்டிய எண்ணிக்கை; ஹார்டி-வெயின்பெர்க் சமநிலை என்பது இதுதான்): சிவப்பு 0.6 × 0.6 × 200 = 72; இளஞ்சிவப்பு 2 × 0.6 × 0.4 × 200 = 96; வெள்ளை 0.4 × 0.4 × 200 = 32.

நீங்கள் 50/200 = 0.25, வர்க்கமூலம் 0.5 என்று போயிருப்பீர்கள். அதை வைத்து வெள்ளைக்கு எதிர்பார்ப்பு கண்டால் 50 வரும், தரவோடு அச்சாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? அந்த 50-லிருந்துதானே அதை எடுத்தீர்கள். வர்க்கமூலம் எடுப்பது ‘சமநிலையில் இருக்கிறது’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. ஓங்கு பண்பு கலப்பு வகையை மறைத்துவிடும்போது வேறு வழியில்லாமல் அதைச் செய்கிறோம். அப்போது சமநிலையைச் சோதிக்கவே முடியாது. மூன்று வகையும் கண்ணுக்குத் தெரியும்போது எண்ணித்தான் ஆகவேண்டும்.

அடுத்து, தரவு எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனை. (90 − 72)² / 72 = 4.5; (60 − 96)² / 96 = 13.5; (50 − 32)² / 32 = 10.125. கூட்டினால் 28.125. கட்டின்மை அளவு, அதாவது டிகிரி ஆஃப் ஃப்ரீடம், 2 அல்ல 1: மூன்று வகுப்பில் ஒன்று கழிந்தது, அல்லீல் விகிதத்தை இதே தரவிலிருந்து எடுத்ததால் இன்னொன்றும் கழிந்தது. 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.84. நம் எண் எங்கோ போய்விட்டது, சமநிலை இல்லை. எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போடாதீர்கள். இங்கே போட்டால் 28 பாதியாகி 14 ஆகும். இந்தக் கணக்கில் முடிவு தப்பிக்கும்; விலகல் சின்னதாக இருந்தால் தலைகீழாகிவிடும்.

‘சமநிலை இல்லை’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடாதீர்கள். எந்தப் பக்கம் விலகியது என்று பாருங்கள். கலப்பு வகை 96 இருக்க வேண்டிய இடத்தில் 60; பற்றாக்குறை 36/96 = 0.375. தன்மகரந்தச் சேர்க்கை இப்படிச் செய்யும். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: இரண்டு தனித்தனி இனக்கூட்டங்களை ஒன்றாகக் கொட்டி எண்ணியிருக்கலாம். ஒரு சரிவில் பெரும்பாலும் சிவப்பு, மறு சரிவில் பெரும்பாலும் வெள்ளை, இரண்டும் தமக்குள் சமநிலையில் இருந்தாலும், சேர்த்து எண்ணினால் கலப்பு வகை குறைவாகத்தான் தெரியும். வாலுண்ட் விளைவு என்பது இதுதான். வழி எளிது: சரிவு வாரியாகப் பிரித்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். பற்றாக்குறை மறைந்தால் குற்றவாளி கணக்கெடுத்த விதம்.

ஓங்கு அல்லீல் காலப்போக்கில் தானாகப் பெருகிவிடும் என்று இன்னும் யாராவது எழுதினால், 1908-இல் கணிதவியலாளர் ஹார்டி தன் குறிப்பை எழுதியதே அந்த எண்ணத்தை மறுக்கத்தான் என்று நினைவூட்டுங்கள்.

கேள்வி: கடலில் உயிர்த்திரள் பிரமிடு தலைகீழாக இருக்கலாம் என்கிறார்கள். பிறகு 10 சதவீத விதி என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் 10 சதவீத ஆற்றலே போகும் என்பதுதான் அந்த விதி. உயிர்த்திரள், அதாவது ஒரு படியில் உள்ள உயிரினங்களின் மொத்த எடை, இந்த நிமிடம் கையில் இருக்கும் சரக்கு. ஆற்றல் பிரமிடு காட்டுவது ஓர் ஆண்டின் வரவு. மிதவைத் தாவரங்கள் சில நாட்களில் இரட்டிக்கும், உடனே தின்னப்படும். இருப்பு குறைவு, வரவு அதிகம். கல்லாவில் எப்போதும் கொஞ்சம் பணமே இருந்தாலும் நாள் முழுக்க வியாபாரம் நடக்கிற கடை மாதிரி. ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருபோதும் கவிழாது. 10 என்பதும் சராசரிதான், மாறிலி என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஷானன் குறியீடு ஒரே தரவுக்கு எனக்கு 1.386, தோழிக்கு 2, இன்னொருவருக்கு 0.602. யார் சரி?

மூவரும் சரி. ஓர் இடத்தில் எத்தனை இனங்கள், அவை எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வது ஷானன் குறியீடு. நான்கு இனங்கள், ஒவ்வொன்றும் 25 வீதம் என்ற தரவாக இருக்கும். நீங்கள் இயல் மடக்கை, தோழி 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை, மூன்றாமவர் 10 அடிமானம். எது என்று விடையிலேயே எழுதாவிட்டால்தான் தவறு. இதே நான்கு இனங்கள் 97, 1, 1, 1 என்று இருந்தால் இயல் மடக்கையில் ஏறத்தாழ 0.168 வரும். இரண்டையும் ‘எத்தனை சமபங்கு இனங்களுக்கு ஈடு’ என்று மாற்றினால் முதலாவது 4, இரண்டாவது 1.18. வெறும் இன எண்ணிக்கை இரண்டுக்கும் 4 என்றே சொல்லும்.

இந்தத் தரவைக் களத்தில் எடுக்கும்போது சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடி எறிவது சமவாய்ப்பு ஆகாது. கை தன்னையறியாமல் முள்புதரைத் தவிர்க்கும். இரு நாடாக்களை அச்சுகளாகப் போட்டு, சமவாய்ப்பு எண்களால் இடம் குறியுங்கள். சட்டத்தின் விளிம்பில் விழும் செடிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இடது, கீழ் விளிம்பில் தொட்டால் எண்ணு, மற்ற இரண்டில் தொட்டால் விடு.

கேள்வி: 50 நத்தைகளுக்குக் குறியிட்டு விட்டோம். மறுமுறை பிடித்த 40-இல் 8 குறியுள்ளவை. மொத்தம் 250 என்று எழுதினால் போதுமா?

50 × 40 / 8 = 250, சூத்திரப்படி சரி. ஆனால் மறுபிடியில் குறியுள்ளவை 10 கிடைத்திருந்தால் 200, வெறும் 5 என்றால் 400. இரண்டு மூன்று நத்தைகளின் வித்தியாசத்தில் விடை இப்படி ஆடுகிறது. சிறு எண்ணிக்கையில் சாப்மன் திருத்தம் நல்லது: 51 × 41 / 9 − 1, ஏறத்தாழ 231.

குறை எழுதும்போது ‘பிழை வரலாம்’ என்பது பதிலே அல்ல, எந்தத் திசையில் என்று சொல்லுங்கள். சாயம் உதிர்ந்தாலோ, பளிச்சென்ற குறியைப் பார்த்துப் பறவை கொத்திப் போனாலோ மறுபிடியில் குறியுள்ளவை குறையும், மதிப்பீடு கூடிவிடும். அதனால்தான் ஓட்டின் மேலே வைக்காமல் விளிம்புக்கு அடியில் சின்னப் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பொறியில் வைத்த தீனிக்குப் பழகியவை திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பீடு குறையும். விட்ட இடத்திலேயே மறுநாள் தேடினாலும் அதே கதி, அவை இன்னும் கலந்திருக்காது.

கேள்வி: குதிரைக்கும் கழுதைக்கும் கோவேறு கழுதை பிறக்கிறதே. இரண்டும் ஒரே இனமா?

இல்லை. எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் தந்த வரையறை இனக்கூட்டங்களைப் பற்றியது: இயற்கையில் தமக்குள் கலந்து, மற்றக் கூட்டங்களிடமிருந்து இனப்பெருக்க வழியில் பிரிந்திருப்பவை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, பிறக்கும் குட்டிக்கு 63. இணை சரியாகச் சேராததால் அதற்குக் கிட்டத்தட்ட எப்போதும் வாரிசு இல்லை. மரபணு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழியில்லை. பாலினப்பெருக்கமே இல்லாத பாக்டீரியாவிடமும், கலந்ததா என்று கேட்க முடியாத புதைபடிவத்திடமும் இந்த வரையறை செல்லாது. அங்கே டி.என்.ஏ. ஒற்றுமையையும் உடலமைப்பையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.