கர்த்தர் எடுக்கவில்லை, அப்பா விட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குமரி மாவட்டம். உலகப்பொருளைவிட விசுவாசம் மேலானது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தங்கையின் திருமணத்துக்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் 30 சென்ட் தென்னந்தோப்பை விற்பதென்று முடிவானது. விலை படிந்தது. முன்பணம் தர வந்த அன்று, பாதித் தொகையைத்தான் பத்திரத்தில் காட்ட முடியும், மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார் வாங்குபவர். ஊரில் எல்லோரும் செய்வதுதான். "பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அப்பா எழுந்துவிட்டார். பேரம் முறிந்தது. அதன்பிறகு அந்த விலைக்கு யாரும் வரவில்லை. தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நழுவியது.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா பைபிளில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "கர்த்தர் எடுக்கவில்லை, நீங்கள்தான் விட்டீர்கள்" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். இன்றுவரை நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் ஊர் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், விசுவாசிக்கிறவனுக்கு வீடும் காரும் தேடி வரும் என்கிறார். அப்பாவின் விசுவாசத்தால் எங்களுக்கு வரவேண்டியதும் போனது. இதில் எது விசுவாசம்? பொருள் பெரிதல்ல என்பது, இருப்பவர்கள் இல்லாதவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதுதானே?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாட்கள் மேசையிலேயே வைத்திருந்தேன். கோபத்தில் நீங்கள் கத்திய அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. கர்த்தர் எடுக்கவில்லை, அப்பாதான் விட்டார். நீங்கள் சொன்னது சரி. அன்று அந்த வீட்டில் நடந்ததை அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் தந்தை வாசித்த அதே அதிகாரத்தில், "கர்த்தர் எடுத்தார்" என்று வரும் 21ஆம் வசனத்துக்குச் சற்று முன்னே போய்ப் பாருங்கள். யோபுவுக்கு 7000 ஆடுகள், 3000 ஒட்டகங்கள், 500 ஏர்மாடுகள், 500 கழுதைகள். தன் தாசனைப் பார்த்தாயா என்று கர்த்தர் கேட்கிறார். சாத்தான் பதிலுக்குக் கேட்கிறான்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" விருதாவாக என்றால் சும்மா, பயன் எதுவும் எதிர்பாராமல். ஆடும் மாடும் கொடுத்து வேலியடைத்து வைத்திருக்கிறீர், அதனால் கும்பிடுகிறான், எடுத்துப் பாரும், முகத்துக்கு நேரே தூஷிப்பான் என்கிறான். அந்தப் புத்தகத்தின் 42 அதிகாரங்களும் இந்த ஒரு கேள்விக்காகவே எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பொருளுக்காக இல்லாமல் கடவுளைக் கடவுளுக்காகவே நேசிக்கும் மனிதன் ஒருவனாவது உண்டா?

நம் மாவட்டத்தில் இந்தக் கதையைக் கேட்டு வாழ்க்கையே மாறிப்போன ஒருவர் இருந்தார். பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் விழா மேடையில் கேட்கும் பெயர்களை நாம் சரியாகக் கேட்பதில்லை.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அலுவலர். நாயர் குலம், நல்ல உத்தியோகம், நிலபுலன். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்த, டச்சுக் கம்பெனியைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பரானார். ஒரு காலகட்டத்தில் நீலகண்டனுக்கு அடி மேல் அடி. மாடுகள் செத்தன, பயிர் போயிற்று, குடும்பத்தில் நிம்மதி இல்லை. வாடிய முகத்தோடு வந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மலைப்பிரசங்கத்தையோ சிலுவையையோ முதலில் சொல்லவில்லை. தொழுவம் காலியான மனிதனுக்குத் தொழுவம் காலியான இன்னொரு மனிதனின் கதை. கன்றுக்குட்டி இல்லாமல் வெறுமனே தொங்கும் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், ஒரே நாளில் 3000 ஒட்டகங்களை இழந்தவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். நீலகண்டனின் மனதை அந்த ஒட்டகங்கள் தொட்டிருக்காது. எல்லாம் போனபிறகும் அவன் யாரிடம் பேசினான் என்பதுதான் தொட்டிருக்கும்.

1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசரஸ் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார்கள். 1749இல் கைது. குற்றச்சாட்டு என்ன, மதமாற்றம்தான் காரணமா என்பதில் வரலாற்று எழுத்தாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தண்டனையும் முடிவும் எல்லோருக்கும் தெரிந்தவை. எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனதையும், புளியூர்க்குறிச்சியிலும் பெருவிளையிலும் அவர் பட்டதையும் நம் பக்கத்துக் கிழவிகள் நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார்.

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். யோபுவிடமிருந்து எடுக்கப்பட்டது. கொள்ளையடிக்கச் சபேயர் வந்தார்கள், கல்தேயர் வந்தார்கள், வனாந்தரத்திலிருந்து வந்த காற்றில் வீடு இடிந்து பிள்ளைகள் பத்துப் பேரும் செத்தார்கள். அவனை யாரும் கேட்கவில்லை. தேவசகாயத்தின் கதை அப்படியல்ல. மூன்று ஆண்டுகள் சிறையிலும் தெருவிலும் கிடந்த அவர், பழைய மதத்துக்குத் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பதே வழிவழியாக வரும் செய்தி. உத்தியோகம் திரும்பியிருக்கும், வீடு திரும்பியிருக்கும், முதுகில் பட்ட சவுக்கடியும் நின்றிருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வார்த்தை அவர் நாக்குக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. ஒருமுறை இழந்துவிட்டுத் தேற்றிக்கொள்வது வேறு, திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தே ஆயிரம் காலைகள் அதை விடுவது வேறு. உங்கள் தந்தை எடுக்கப்பட்டவர்களின் வரிசையில் இல்லை, தம்பி. விட்டவர்களின் வரிசையில் இருக்கிறார். அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள்.

"யோபுவுக்குக் கடைசியில் இரண்டத்தனையாகக் கிடைத்ததே" என்று உங்கள் கன்வென்ஷன் பிரசங்கியார் சொல்வார். கிடைத்தது. 14000 ஆடுகள், 6000 ஒட்டகங்கள். ஆனால் "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று யோபு சொல்லும்போது அவன் இன்னும் சாம்பலில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஆட்டுக்குட்டிகூடத் திரும்பியிருக்கவில்லை. ஆடுகள் அதன்பிறகு வந்தவை. பிள்ளைகளைப் பாருங்கள். மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். செத்துப்போன பத்துப் பேர் செத்துப்போனவர்கள்தான். அந்த இழப்புக்கு யாரும் இரட்டிப்புக் கணக்குப் போட முடியாது என்பதை அந்தப் புத்தகத்தை எழுதியவர் அறிந்திருந்தார். காற்றாடிமலையிலோ இரண்டத்தனையும் இல்லை, துப்பாக்கிக் குண்டு மட்டும்தான்.

விசுவாசித்தால் கார் வரும் என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ சாத்தானின் கேள்விக்கு "ஆமாம், யாரும் சும்மா பயந்து நடப்பதில்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஏழைகள். மல்கியா 3:10ஐ எடுத்துக்கொண்டு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடு, வானத்தின் பலகணி திறக்கும் என்பார்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று அதே வசனத்தில் இருப்பதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உபாகமம் 14இல் மூன்றாம் வருட தசமபாகம் யாருக்கு என்று எழுதியிருக்கிறது. ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கு, அந்நியனான பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு. பண்டசாலையில் வைக்கச் சொன்னது அவர்கள் சாப்பிடுவதற்காக.

பொருள் என்றதும் நாம் நிலத்தையும் பணத்தையும் மட்டும் நினைக்கிறோம். தேவசகாயம் விட்டவற்றில் மிகக் கடினமானது சாதி என்று நினைக்கிறேன். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து உண்டது, அன்றைய திருவிதாங்கூரில் நிலத்தை எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய இழப்பு. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தில், வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைத்தார்கள். 1910இல் அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. நிலத்தைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், சுவரைக் கொடுக்க மாட்டார்கள். நம் திருமணத் தரகர்களிடம் கேட்டால் அந்தச் சுவர் இன்னும் எங்கெங்கே நிற்கிறது என்று சொல்வார்கள்.

இருப்பவர்கள் சொல்லும் பேச்சு என்று எழுதியிருந்தீர்கள். நான் இதைக் கற்றது இருப்பவர்களிடம் அல்ல. என் பாட்டியின் அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடி நெளிந்த ஒரு தகர டப்பா இருக்கும். உலை வைத்ததும் பானையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் சமையலுக்கு அளப்பார். ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துணிப்பையில் கட்டி ஆலயத்துக்கு எடுத்துப் போவார். ஒருநாள் பானையின் அடியில் கை உரசும் சத்தம் கேட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் அரிசி. அன்றும் முதல் பிடி டப்பாவுக்குப் போனது. "பாட்டி, நமக்கே இல்லையே" என்றேன். "அது நம் அரிசி இல்லை" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கல் பொறுக்கப் போய்விட்டார். அன்று கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. அந்தப் பிடி பெருகித் திரும்பி வரும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

எத்தனையோ திருச்சபைகள் இப்படிப்பட்ட பெண்களின் கையால் வளர்ந்தவை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பின்னாளில் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர், 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய தோர்ணக்கல் பேராயத்தின் தெலுங்குக் கிராமங்களிலும் பெண்கள் சமைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்தார்கள். பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள். மிசோரத்தில் 1910 வாக்கில் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இன்றும் நடக்கிறது. இவர்களையெல்லாம் யாரும் சமாதானப்படுத்தவில்லை. இவர்கள்தான் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றை உங்கள் பக்கம் நின்று சொல்ல வேண்டும். ஒருவர் விடும்போது, கூட இருப்பவர்களும் இழக்கிறார்கள். தேவசகாயத்தின் மனைவி பார்கவி, ஞானப்பூ என்ற பெயரில் அவரும் திருமுழுக்குப் பெற்றார், கணவர் கொல்லப்பட்டபின் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி இழந்தவர் உங்கள் தங்கை. கடிதத்தில் உங்கள் கோபம் இருக்கிறது, அப்பாவின் முடிவு இருக்கிறது, தங்கை என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவரிடம் கேட்டீர்களா? அப்பா கேட்டாரா? கையெழுத்துப் போட மறுத்தது சரி. அந்த இரவு யோபுவை வாசிப்பதற்கு முன், மகளை அருகில் உட்காரவைத்து "உனக்கு வரவேண்டியதை நான் விட்டுவிட்டேன் அம்மா" என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருக்கலாம். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? ஜனவரி 14 அன்று நான் காற்றாடிமலைக்குப் போவேன். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து திருநெல்வேலி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஆரல்வாய்மொழியில் இறங்கிக்கொள்ளலாம். காற்று பலமாக இருக்கும், பெரியவர்கள் காதை மூடத் துண்டு கொண்டுவருவது நல்லது. அப்பாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் அப்பாவின் கையைப் பிடித்து ஒரு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.