மரியல் படகுகளும் மயாமி கூலியும்

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் உள்ளூர்க் கூலி குறையுமா, பொருளியலாளர் டேவிட் கார்டு இதை எப்படி அளந்தார் என்பது கேள்வி.

வேலை மலிந்த ஊரைத் தேடித்தான் ஆட்கள் போவார்கள். அதனால் ஊர்களைச் சும்மா ஒப்பிட்டால் காரணமும் விளைவும் குழம்பிவிடும். 1980-இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்காவுக்குக் கிளம்பியதோ கியூபத் தலைவர் காஸ்ட்ரோ கதவைத் திறந்துவிட்டதால். மயாமியின் கூலியைப் பார்த்து அல்ல. அவர்களில் பலர் மயாமியிலேயே தங்கியதால் அந்நகரின் தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 7% கூடியது. அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா நகரங்களின் போக்கை அளவுகோலாக வைத்து, மயாமியின் கூலிக்குப் பாதிப்பு அநேகமாக இல்லை என்று கார்டு 1990-இல் எழுதினார்.

இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, கூலி சரிந்தது என்றார். அவ்வளவு மெல்லிசாக நறுக்கினால் மாதிரி, அதாவது கணக்கெடுப்பில் வரும் ஆட்களின் எண்ணிக்கை, மிகச் சிறிதாகிவிடும் (என் பார்வையில் இதுதான் பெரிய ஓட்டை). அதே ஆண்டுகளில் மாதிரியில், சராசரியாகக் குறைந்த கூலி பெற்ற கறுப்பின ஆண்களின் பங்கு கூடியதும் சராசரியைக் கீழே இழுத்தது.