சிகரெட்டை விட்டால் தம்பி மறுபடி குடுவுக்குப் போய்விடுவாரா?

ஐந்து மாதமாகக் குடுவை, அதாவது ஹெரோயினைத் தொடாத தம்பி, பொங்கலன்று சிகரெட்டையும் நிறுத்தினார். மூன்றாம் நாள் தூக்கமில்லை. அம்மா நீட்டிய பிளேன்டீக் கோப்பையைச் சுவரில் அடித்தார். பயந்துபோய் நீங்களே கொட்டாஞ்சேனைச் சந்திக் கடையில் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக் கொடுத்து, இரவில் அம்மாவின் தூக்கக் குளிசையில் பாதியும் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் குளிசை. இன்றே நிறுத்துங்கள், போத்தலைப் பூட்டி வையுங்கள். அம்மாவுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னது? ஐந்து மாதம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒருநாள் சறுக்கி அதே அளவை எடுத்தாலே மூச்சு மந்தமாகும்; தூக்கக் குளிசையும் சேர்ந்தால் நின்றே போகலாம். இப்படி இழந்த வீடுகளில் நான் கேட்பது ஒரே வசனம்தான்: "நல்லாக் குறட்டை விட்டுப் படுத்திருந்தான் டொக்டர், எழுப்ப மனம் வரேல்ல." தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற குறட்டை, நீண்ட இடைவெளி விட்டு வரும் மூச்சு, கறுத்த உதடு, ஊசிமுனை அளவு கண்மணி: இது தூக்கமல்ல, ஆபத்தின் அடையாளம். உலுக்கியும் எழும்பாவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தார் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதை முறிக்க மருந்து உண்டு.

சரி, இப்போது உங்கள் பயம். கோப்பையை உடைத்தது குடு ஏக்கமல்ல, சிகரெட்டில் உள்ள நிக்கொட்டின் கிடைக்காத தவிப்பு. சிகரெட்டை விட்டவருக்கு முதல் வாரம்தான் மோசம். எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். வீட்டார் அதைக் குடு ஏக்கம் என்று நினைத்துப் பதறுகிறார்கள். "இதையாவது விட்டுவை" என்று உங்கள் மாமி சொல்வதை ஒரு காலத்தில் வைத்தியர்களும் சொன்னோம், ஒப்புக்கொள்கிறேன். அது பிழை. 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004இல் வந்த முடிவு: போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள், மது, போதைப்பொருள்களிலிருந்து நீண்டகாலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல்.

தூக்கத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. சிகரெட் புகை இருக்கும்வரை ஈரல் கஃபீனை வேகமாக எரிக்கும். புகை நின்றதும் அதே தேத்தண்ணி உடம்பில் நெடுநேரம் நிற்கும். நாளுக்கு எட்டுக் கோப்பை குடிப்பவர் நாலாக்கட்டும், மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம். புனர்வாழ்வில் ஒலான்ஸபின் அல்லது குளோசபின் என்ற மனநோய் மருந்து கொடுத்திருந்தால், அதுவும் இதே போல இரத்தத்தில் ஏறும். மருந்து எழுதிய வைத்தியரிடம் சிகரெட்டை விடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிக்கொட்டின் சுயிங்கம் இன்னொரு போதையா என்கிறீர்கள். இல்லை. எழும்பி அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம். சப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தேத்தண்ணி கூடாது.

சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் குளிசை பைத்தியமாக்கும் என்ற யூடியூப் கதையை விடுங்கள். ஏறத்தாழ 8,000 பேரில் செய்த சோதனைக்குப் பிறகு, 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே மனநிலை பற்றி அந்தக் குளிசைக்குப் போட்டிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கிவிட்டது. ஆனாலும் வைத்தியர் எழுதித்தான் எடுக்க வேண்டும். எடை நாலைந்து கிலோ கூடலாம், கூடட்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மார்பு நோய் கிளினிக்கில் காசநோய்ச் சோதனைக்குச் சளியைக் கொடுங்கள்.

சிகரெட்டை விட உதவும் இலவச இலக்கம் 1948. அழைக்க வேண்டியவர் தம்பி. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.