பினாங்குக் கடலும் நம் வீட்டுத் தண்ணீரும்: கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்தவரிடம் கேட்டவை

ஆயர் ஈத்தாம்: அண்ணே, கழிவறைத் தண்ணீர் நேரே கடலுக்குத்தான் போகிறது என்கிறார்களே, உண்மையா?

கழிவுநீர்க் குழாய் இணைப்பு உள்ள வீடு என்றால் இல்லை தம்பி. பம்ப் நிலையங்கள் தள்ளிவிட, ஜெலுத்தோங் கடலோர நிலையத்துக்குப் போகும். 8 லட்சம் பேரின் கழிவைத் தாங்கும் அளவில் கட்டியது அது. முதலில் சல்லடை. பிறகு ஒரே தொட்டியில் நிரப்பி, காற்று ஊதி, தெளியவிட்டு, மேல்நீரை வடிப்பார்கள். அழுக்கைத் தின்பது பாக்டீரியாதான். தின்று கொழுத்து, பழுப்புக் கூழாக அடியில் அமரும். கூழ் நன்றாக இருந்தால் ஈரமண் வாசம் வரும். அழுகல் நாற்றம் அடித்தால் காற்று பற்றவில்லை என்று மூக்கே சொல்லிவிடும்.

ஜெலுத்தோங், பழைய வரிசை வீடு: அப்படியானால் என் வீட்டுப் பின்னால் லோங்காங்கில், அந்தத் திறந்த வடிகாலில், சாம்பல் நிறமாக ஓடுவது என்ன?

அக்கா, இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. பழைய வீடுகள் பலவற்றில் கழிவறை மட்டும்தான் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ சேரும். அடுப்படி, குளியலறை, துணி துவைத்த தண்ணீர் எல்லாம் லோங்காங்கில். லோங்காங் எந்த நிலையத்துக்கும் போகாது. சுங்கை பினாங் வழியாகவோ நேராகவோ கடலில் விழும். ஜெலுத்தோங்கில் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும் இந்தத் தண்ணீர் அங்கே வருவதே இல்லையே. மீன் கழுவிய நீரும் கறிச்சட்டி எண்ணெயும் மட்கும்போது தண்ணீரில் உள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். கடல் கெட்டது என்று கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரைத் திட்டும் நேரத்தில் பாதியையாவது லோங்காங்குக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது அடுப்படிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கூரைத் தண்ணீரை மட்டும் அதில் விடவே கூடாது. ஒரு பேய்மழை போதும், மூடி வழியாகப் பொங்கிவிடும்.

ஜார்ஜ் டவுன், சாப்பாட்டுக் கடை: எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் கிரீஸ் டிராப்பில் கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் கரைந்துவிடாதா?

உருகும், கரையாது. பத்தடி தள்ளிக் குழாய்க்குள் மறுபடி கட்டியாகும். தட்டை முதலில் வழித்துக் கொட்டுங்கள், டிராப்பை அடிக்கடி அள்ளுங்கள். பொரித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கும்போது ஏன் ஊற்ற வேண்டும்?

தஞ்சோங் பூங்கா: மழை விட்டதும் பத்து பெரிங்கியில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

ஓரிரு நாள் பொறுங்கள் மா. ஆற்றுவாய், வடிகால் வாய்ப் பக்கம் எப்போதும் வேண்டாம். சுத்திகரித்த நீரில் கிருமியே இருக்காது என்றும் நினைக்காதீர்கள். 2009 விதிமுறைப்படி, புதிய நிலையம் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருந்தால் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற இடங்களில் 50 வரை. அது தண்ணீர் எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்ற கணக்கு, கிருமிக் கணக்கு அல்ல. குளிக்கத் தகுமா என்று பார்க்க என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவை எண்ண வேண்டும். உப்புநீரில் இன்னொரு குடல் பாக்டீரியாவான ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும், என்டெரோகாக்கஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

கர்னி டிரைவ்: நீர் வற்றும்போது அடிக்கும் நாற்றம் மலநாற்றமா?

அத்தனையும் அல்ல. காற்றுப் புகாத சேற்றில் இலைதழை மட்கினாலும் அதே அழுகிய முட்டை வாடைதான். கழிவு சேரச் சேர வாடை கூடும்.

பட்டர்வொர்த்: ஈர டிஷ்யூவைக் கழிவறையில் போடலாமா?

குப்பைத்தொட்டி.

பாலிக் புலாவ்: செப்டிக் டேங்கில் ஈஸ்ட் போட்டால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டாமாமே, அண்ணே?

யாரோ ஈஸ்ட் விற்கிறார்கள். அங்கே பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. மட்காத கசடுதான் அடியில் ஏறும், அதை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. விட்டால் கசடு வழிந்து லோங்காங்குக்கு வந்துவிடும். லாரியைக் கூப்பிடுமுன் மூடி எங்கே என்று பாருங்கள். அடுப்படியைப் பின்னால் நீட்டி மூடிமேலேயே டைல்ஸ் ஒட்டியவர்கள் நிறைய. உடைத்துத்தான் ஆக வேண்டும்.