தண்ணீர் ஊற்றப் போனால் காலையே போய்விடுகிறது

பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றலாம் என்று ஆறு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால் திரும்பும்போது ஒன்பது, நாவல் இரண்டு மாதமாக ஏழாவது அத்தியாயத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் கதையும் இதுதான். என் இரண்டாவது நாவலை ஒரு தக்காளிப் பாத்தி கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது.

தோட்டத்தை விட வேண்டாம், அதன் வேலையைக் குறையுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி மண் மூடும்படி 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும், கொஞ்சம் இடம் விடுங்கள். ஈரம் நிற்கும், களையும் குறையும். தரையில் நன்றாக வேர் பிடித்த செடிகளுக்குத் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக நனைப்பது நல்லது, வேர் கீழே இறங்கும். தொட்டிச் செடிகள்தான் அடிக்கடி கேட்கும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் எழுத்து. தினமும் முதலில் 300 சொற்கள், பிறகுதான் பூவாளி. 200 நாளில் 60,000 சொற்கள் வந்துவிடும். அன்றைய 300 சொற்கள் முடியும்வரை நான் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. ஒரு களை கண்ணில் பட்டால் போச்சு! கடும் வெயில் காலத்தில் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்வேன்.

பூக்கும் பருவத்தில் இரண்டு வாரம் எழுதாமல் இருப்பது குற்ற உணர்ச்சி தருகிறது என்கிறீர்களே, அந்த இரண்டு வாரத்தை முன்கூட்டியே விடுமுறையாகக் குறித்துவிடுங்கள். சட்டைப்பையில் மட்டும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கட்டும். வாடிய பூவைக் கிள்ளும்போதுதான் எனக்கு உரையாடல்கள் வரும், மண் கையோடு செல்பேசியைத் தொட முடியாது.