'ஆகவே' செய்த வேலை

நண்பரே, எல்லாவற்றையும் சந்தேகித்த பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 'சிந்திப்பவை எல்லாம் இருக்கின்றன' என்ற பொதுவிதியை மட்டும் எப்படி நம்பி, அதிலிருந்து 'நான் இருக்கிறேன்' என்று முடிவு கட்டினார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் வாசிப்பில் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் அப்படி முடிவு கட்டவே இல்லை. 1637-இல் வந்த அவரது நூலில் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே நான் இருக்கிறேன்' என்று 'ஆகவே' இருக்கிறது. நம்மைத் தடம் மாற்றுவது அந்தச் சொல்தான். 1641-இல் வந்த 'தியானங்கள்' என்ற நூலில், அந்த வாதம் வரும் இடத்தில், அதைக் காணோம். 'நான் இருக்கிறேன்' என்று நினைக்கும்போதெல்லாம் அது உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும், அவ்வளவே. அந்நூலுக்கு வந்த ஆட்சேபங்களுக்கு எழுதிய பதிலிலும், இது அனுமானமல்ல (ஒன்றிலிருந்து இன்னொன்றைப் படிப்படியாக வருவிப்பதல்ல), மனம் நேராகக் காண்பது என்கிறார்.

அனுமானத்துக்கு அவர் தரும் இடம் வேறு. அ, ஆ, இ என்று வரிசையாகச் சில அளவுகள் என்று வையுங்கள். அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள விகிதம் தெரியும், ஆ-வுக்கும் இ-க்கும் தெரியும், இப்படியே உ வரை. அ-வுக்கும் உ-வுக்கும்? ஒரே பார்வையில் சிக்காது. நினைவு வேண்டும், நினைவோ காலை வாரும். அதனால் சங்கிலியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார், நினைவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லாமல் போகும்வரை. (கேட்க எளிது. நீளமான வடிவகணித நிறுவல் ஒன்றில் செய்து பாருங்கள், வியர்த்துவிடும்.) இது 'மனத்தை நெறிப்படுத்தும் விதிகள்' என்ற அவரது நூலில் ஏழாவது விதி. அடுத்து அதைப் படியுங்கள்.