இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஸ்மட்ஸ் நாடாளுமன்றத்தில் நமக்கு என்ன செய்தார்?

டர்பன் தமிழர் பலருக்கும் வரும் கேள்விதான். அப்போதைய தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் 1945-இல் ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு வரைவு எழுதிக் கொடுத்த பெரிய மனிதர். அடுத்த வருடமே கேப் டவுனில் அவர் நிறைவேற்றிய சட்டம், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே கூடாது என்று கோடு கிழித்தது. ஆறுதலுக்கு மக்களவையில் 3 இடம். அதிலும் வெள்ளையர்தான் உட்கார முடியும்!

நம் ஆட்கள் அதைக் ‘கெட்டோ சட்டம்’ (ஓர் இனத்தாரைத் தனிப் பகுதியில் ஒதுக்கி அடைக்கும் சட்டம்) என்று சொல்லி ஒதுக்கினார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் மான்டி நாயக்கர் தலைமையில் 1946 ஜூன் 13 அன்று, அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் டர்பனின் ஒரு காலி மனையில், சட்டத்தை எதிர்த்துக் கூடாரம் அடித்தார்கள். அப்புறம் சிறைக்குப் போனவர்கள் சுமார் 2,000 பேர்.

அந்த 3 இடத்துக்குத் தேர்தலே நடக்கவில்லை. 1948 தேர்தலில் ஸ்மட்ஸைத் தோற்கடித்து வந்த மலான் அரசு அதையும் பிடுங்கிக்கொண்டது. நிலத் தடையை மட்டும் விட்டுவைத்தது.